கசிவே இல்லாத சுவரில் கரும்பூசணம்: வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா?

#1 சுவர்க்கோழி

இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கரும்புள்ளிகள். அதே மூலையில் கூரையை ஒட்டியும் கொஞ்சம். பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கச் சாம்பல் பச்சை. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் கிடையாது, மேலே குளியலறை கிடையாது. சுவரைத் தொட்டால் கை நனையவில்லை. விடிகாலையில் ஜன்னல் கண்ணாடி மட்டும் வேர்த்து வடிகிறது. படுக்கையறை, இரண்டு பேர், கதவு ஜன்னல் எல்லாம் மூடி.

விடிகாலை அளவுகள் (செல்சியஸ்): அறைக்காற்று 22, ஈரப்பதம் 68 சதவீதம். நடுச்சுவர் 20. மூலை 17.5. பீரோவுக்குப் பின்னால் 16. கண்ணாடி 14. வெளியே 10 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்.

தண்ணீரே இல்லாத சுவரில் எப்படிப் பூசணம் பிடிக்கிறது? உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

#2 ஈரமானி

பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே விடை இருக்கிறது.

பூசணத்துக்குச் சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி, அது நாள்கணக்கில் நீடித்தால் போதும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைகளில் சில அதற்கும் குறைவான ஈரத்திலேயே தொடங்கிவிடும். அறை நடுவில் தொங்கும் ஈரமானி 68 காட்டுவதால் சுவரிலும் 68 என்று நினைத்துவிடுகிறோம். சுவர் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது. அதே நீராவி குளிர்ந்த இடத்தில் அதிக சதவீதமாகிறது.

22 டிகிரியில் 68 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 15.8 டிகிரி. அதற்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். கண்ணாடி 14, எனவே வடிகிறது. சுவர் எங்கேயும் 15.8-க்குக் கீழே போகவில்லை, எனவே கையில் ஈரம் படவில்லை. ஆனால் மேற்பரப்பு ஈரப்பதம் என்ன ஆகிறது என்று கணக்கிட்டால்:

நடுச்சுவர் 20 டிகிரி: 77 சதவீதம்
மூலை 17.5 டிகிரி: 90 சதவீதம்
பீரோவுக்குப் பின் 16 டிகிரி: 99 சதவீதம்

பூசணம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுச்சுவர் மயிரிழையில் தப்பித்திருக்கிறது.

கணக்குப்போட நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வரும் எண்ணைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழித்தால் ஏறக்குறைய பனிநிலை கிடைக்கும். ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும்போது மட்டும் இது ஒத்துவரும்.

#3 காரைக்கட்டு

எண்கள் பொருந்துகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழங்கால் உயரம் என்று படித்ததும் எனக்குச் சந்தேகம் வருகிறது. அடியோதம் இல்லை என்று உறுதிசெய்யாமல் மேலே போகக் கூடாது. தவறான நோயை எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடப்பது.

தரையிலிருந்து ஏறும் ஓதம் உப்பைக் கூட்டிவரும். வெள்ளைப் பொடி பூத்திருக்கும், காரை ஊதிப் பெயரும், கறை ஒரு கிடைக்கோடு போல நிற்கும், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள். உப்பு மிகுந்த அந்தப் பட்டையில் பூசணம் அவ்வளவாக வளராது. கசிவு என்றால் ஓரிடத்தில் திட்டாக, விளிம்பில் பழுப்பு வளையத்தோடு இருக்கும், மழைக்குப் பின் பெரிதாகும். காற்றின் ஈரத்தால் வருவது புள்ளி புள்ளியாக, மூலை, லிண்டல், கூரை ஓரம், மரச்சாமானின் பின்பக்கம் என்று குளிர்ந்த இடங்களாகத் தேடிப் பிடிக்கும்.

சோதனை ஒன்று சொல்கிறேன். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பாலித்தீன் தாள் அல்லது அலுமினியத் தாளைச் சந்தேகப்படும் இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒட்டுமுன் அந்த இடத்தைத் துடைத்துக் காயவையுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் அறைப்பக்கம் வேர்த்தால் காற்றிலிருந்து வருகிறது.

குத்தும் ஊசி கொண்ட ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் கருவியின் அளவுகோல் மரத்துக்கானது. காரையில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரையே நனைந்தது என்று காட்டும்.

#4 சுவர்க்கோழி

உப்பு இல்லை, காரை கெட்டியாக இருக்கிறது. மூலையில் தாள் ஒட்டியதில் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

#5 ஈரமானி

எதிர்பார்த்ததுதான். உள்பக்கம் காய்ந்திருப்பதால் சுவருக்குள்ளிருந்து வரத்து இல்லை. வெளிப்பக்கம் காய்ந்திருப்பதால் மூலை பனிநிலையைத் தொடவில்லை. 90 சதவீதத்தில் தாள் நனையாது, பூசணம் மட்டும் வளரும். "தாள் காய்ந்திருக்கிறது, ஆகவே ஈரப் பிரச்சினையே இல்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ஏன் வேண்டாம் என்பது இப்போது புரியும். உள்ளிருந்து தண்ணீர் வரவே இல்லை, அது எதைத் தடுக்கும்? வழக்கமான காரை இரவில் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிப் பகலில் விட்டுவிடும். அதையும் அந்தப் பெயிண்ட் மூடிவிடுகிறது. படிந்த தூசியே பூசணத்துக்கு உணவாகப் போதும், பெயிண்டின் மேலேயே முளைக்கும்.

#6 காற்றோட்டம்

ஜன்னலைத் திறங்கள், முடிந்தது கதை. இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

#7 குளிர்சாதனம்27

முடிந்தது கதை இல்லை சார். வெளிக்காற்று எப்படிப்பட்டது என்று பார்க்காமல் ஜன்னலைத் திற என்று சொல்வது பாதி நேரம் சரி, பாதி நேரம் கெடுதல்.

இவருடைய நிலையில் சரி. வெளியே 10 டிகிரி, 85 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் உள்ளேயைவிட ஈரமாகத் தோன்றும். ஒரு கனமீட்டரில் உள்ள நீரைப் பார்த்தால் வெளியே 8 கிராம், உள்ளே 13 கிராம். அந்த வெளிக்காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 40 சதவீதமாகிவிடும். தாராளமாகத் திறக்கலாம்.

வெப்பமான மழைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 27 டிகிரி, 90 சதவீதம். பனிநிலை 25-ஐத் தாண்டுகிறது. ஏசி ஓடி 23-க்குக் குளிர்ந்த சுவரும் தரையும் உள்ள அறையில் அந்தக் காற்றை விட்டால் டைல்ஸ் மேல் தண்ணீர் நிற்கும். அங்கே ஜன்னல் திறப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பது.

ஆகவே விதி இதுதான்: வெளிக்காற்றின் பனிநிலை, உள்ளே இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பின் வெப்பநிலையைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால் திற. இல்லாவிட்டால் மூடி, ஈரத்தை இயந்திரத்தால் எடு. வெளியே வெப்பநிலையும் ஈரப்பதமும் தெரிந்தால் #2-ல் ஈரமானி சொன்ன குறுக்குவழியே போதும்.

#8 காற்றோட்டம்

சரி, நியாயம். ஆனால் குளிர் நாளில் பத்து நிமிடம் திறந்து ஈரப்பதம் 50-க்கு இறங்கி, மூடிய ஒரு மணி நேரத்தில் மறுபடி 65-க்கு ஏறுகிறதே, அது ஏன்?

#9 ஈரமானி

நல்ல கேள்வி. ஈரத்தின் பெரும்பகுதி காற்றில் இல்லை. மெத்தை, துணி, காரை, மரம், புத்தகம் எல்லாம் ஊறி வைத்திருக்கின்றன. காற்று காய்ந்ததும் அவை வெளியிடுகின்றன. ஒருமுறை திறந்து மூடுவதால் காற்றில் இருந்தது மட்டும்தான் போகும்.

இரவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீர் விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: 640 கிராம். அறை 36 கனமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 22 டிகிரியில் அந்த அறைக்காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீரே 700 கிராம்தான். மூடிய அறை ஓர் இரவில் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? ஒவ்வொரு கனமீட்டர் பரிமாற்றத்திலும் சுமார் 5 கிராம் போகிறது. 640-ஐ 5.2-ஆல் வகுத்தால் 123 கனமீட்டர். எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 15 கனமீட்டர். மிகச் சிறிய ஓட்டம் இது. இரவு முழுக்க ஜன்னலில் ஒரு விரல் இடைவெளியும் கதவுக்கு அடியில் ஒரு சந்தும் இருந்தால், வெளியே கொஞ்சம் காற்று அசைந்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். காலையில் அகலத் திறப்பதைவிட இரவு முழுக்கச் சன்னமாகத் திறந்திருப்பது இங்கே மேல்.

அந்த அறையில் ஈரத்துணி காயப்போட்டால் இந்தக் கணக்கெல்லாம் தூள். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து சாதாரணமாக இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றுக்குப் போகும். புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பும், எரிவாயு ஹீட்டரும் அப்படித்தான். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும்.

#10 குளிர்சாதனம்27

எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றியும் சொல்லிவிடலாம், ஏனென்றால் பல வீடுகளில் அது சத்தம் மட்டும்தான் போடுகிறது. குளியலறைக்கு மணிக்கு 80 கனமீட்டராவது வெளியேற வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண் குழாய் இல்லாமல் அளந்தது. வளைந்து நெளிந்த ஃப்ளெக்ஸிபிள் குழாயில் இணைத்தால் அதில் பெருமளவு காணாமல் போகும். குழாயை இழுத்து நேராக்குங்கள், திருப்பங்களைக் குறையுங்கள், வெளிவாயில் ஷட்டர் துருப்பிடித்து மூடிக் கிடக்கிறதா பாருங்கள்.

ஃபேன் இழுக்கும் அளவுக்கு உள்ளே வருவதற்கும் வழி வேண்டும். கதவின் அடியில் 1 முதல் 2 செ.மீ. சந்து இல்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும். டாய்லெட் பேப்பர் ஒன்றைக் கதவை மூடிவிட்டு ஜாலியில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஏதோ இழுக்கிறது, விழுந்தால் இழுக்கவில்லை. குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓட வேண்டும், டைமர் சுவிட்ச் போடுவது நல்லது.

ஒரு முக்கியமான குற்றம்: குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிட்டுப் போவது. குளியலறை ஈரம் முழுதும் ஜிப்சம் பலகையின் மேல்பக்கம் போய்ச் சேரும். கீழே கறை தெரியும்போது மேலே பலகை உளுத்திருக்கும்.

#11 மஞ்சணத்தி

ஏசி அறைக்கு அடுத்த அறையில், பொதுச்சுவரில் பூசணம் பிடிக்கிறதே, அதுவும் இதே கதைதானா? ஏசி அறைக்குள் ஒன்றும் இல்லை.

#12 குளிர்சாதனம்27

அதே கதை, திசை மட்டும் மாறியிருக்கிறது. ஏசி அறை 20 டிகிரி, அடுத்த அறை 30 டிகிரி 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே அரைக்கல் செங்கல் சுவர். அடுத்த அறைப் பக்கம் சுவரின் மேற்பரப்பு சுமார் 27 டிகிரி இருக்கும், அங்கே ஈரப்பதம் 95 சதவீதம். ஏசியை 25-க்கு வைத்தால் 87-க்கு இறங்கும். அதற்குமேல் இறங்காது, அந்த அறைக்காற்றே 80-ல் இருக்கிறதல்லவா. ஈரத்தை அங்கிருந்தே எடுக்க வேண்டும், அல்லது நடுக்கதவைத் திறந்து வைத்து இரண்டு அறையையும் ஒன்றாக்க வேண்டும்.

தேவைக்கு அதிகத் திறனுள்ள ஏசி இன்னொரு தொல்லை. சட்டென்று குளிர்த்துவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காது. அறை சில்லென்று, ஆனால் பிசுபிசுப்பாக இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் காயிலில் (குளிர்க்குழாய்ச் சுருளில்) தங்கிய நீர் மறுபடி அறைக்கே வரும்.

வெப்பமான ஈர வானிலையில் ஏசி அறையின் வெளிச்சுவருக்கு உள்பக்கம் வினைல் வால்பேப்பர் ஒட்டுவது தற்கொலை. வெளியிலிருந்து வரும் நீராவி வினைலின் பின்னால் சிக்கிப் பசையிலேயே பூசணம் வளரும். முன்னால் பார்த்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது.

#13 காரைக்கட்டு

சுவர்க்கோழியின் மூலைக்கு வருகிறேன். மூலை ஏன் நடுச்சுவரைவிடக் குளிர்கிறது? வெப்பம் வாங்கும் உள்பரப்பு சிறிது, இழக்கும் வெளிப்பரப்பு பெரிது. அறைக்காற்றும் மூலைக்குள் சரியாகச் சுழலாது. அந்த இடத்தில் கான்கிரீட் தூண் இருந்தால் இன்னும் மோசம், செங்கல்லைவிட அது வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பரப்புக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை, உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். இங்கே 7.5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.63. ஜெர்மனியின் டிஐஎன் 4108 விதி குறைந்தது 0.70 கேட்கிறது. உள்ளே 20 டிகிரி 50 சதவீதம், வெளியே மைனஸ் 5 இருக்கும்போது எந்த மூலையும் 12.6 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. 12.6-ல்தான் மேற்பரப்பு ஈரப்பதம் 80-ஐத் தொடுகிறது. வகுத்து வரும் எண் வானிலையைப் பொறுத்து அதிகம் மாறாது. ஆகவே ஒருநாள் அளவை வைத்தே அந்த மூலையின் தரத்தைச் சொல்லிவிடலாம். வெளிவெப்பம் நிலையாக இருக்கும் விடிகாலையில் அளப்பது முக்கியம்.

உங்கள் மூலையில் குறை இருக்கிறது, ஆனால் இடித்துக் கட்டும் அளவுக்கு இல்லை. அறை ஈரப்பதத்தை 55-க்குக் கொண்டுவந்தால் மூலை 73-க்கு வந்துவிடும். ஈரத்தைத் தொடாமல் அறையை 24-க்குச் சூடாக்கினால் மூலை 18.75 டிகிரி ஆகும், ஈரப்பதம் 83. பாதிக் கிணறுதான். பீரோவைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, அடியிலும் மேலேயும் காற்றுப் போக இடம் விடுங்கள், முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். பீரோவே அந்தச் சுவருக்கு வெப்பம் போகாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது.

உள்பக்கம் தெர்மகோல் ஒட்டலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்: பலகைக்குப் பின்னால் சுவர் இன்னும் குளிரும். விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் அறைக்காற்று பின்னால் புகுந்து அங்கே நீர் கோக்கும். முழுப் பசைப்பூச்சில் வெற்றிடம் இல்லாமல் ஒட்டி, மூட்டுகளை அடைத்துச் செய்யத் தெரிந்தவர் செய்தால் சரி. வெப்பக்காப்பு போட வேண்டுமானால் வெளிப்பக்கம் போடுவதே பத்திரம்.

#14 நுண்பூஞ்சை

இருப்பதைச் சுத்தம் செய்வது பற்றி யாரும் பேசவில்லை. ஈரத்தைக் குறைத்த பிறகு, அல்லது கூடவே, செய்ய வேண்டிய வேலை இது.

பரப்பு ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் வீட்டிலேயே செய்யலாம். அதைவிடப் பெரிது, அல்லது வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் தெரிந்த ஆளிடம் விடுங்கள். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, பக்கங்கள் மூடிய கண்ணாடி. ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள், உள்கதவை மூடி ஜன்னலைத் திறங்கள். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தாலோ பிரஷ்ஷாலோ தேய்க்கவே கூடாது, வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். சோப்புத்தூள் கரைசலில் முக்கிய துணியால் துடைத்து, துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கம் பயன்படுத்தி, கடைசியில் பையில் கட்டி எறியுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்து, அன்றே காயவையுங்கள்.

பிளீச்? டைல்ஸ், கண்ணாடி போன்ற கெட்டிப் பரப்பில் பயன்படும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வீட்டுப் பிளீச் 60 மி.லி. அதிகபட்சம். காரையிலும் மரத்திலும் நிறம் வெளுக்கும், ஆழத்தில் இருப்பது அப்படியே இருக்கும், கூடவே தண்ணீரும் ஊறும். ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலைப் பதம்பார்க்கும். செத்த பூசணமும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதுதான் வேலை.

ஜிப்சம் பலகையில் காகிதத்துக்குள் இறங்கியிருந்தால் துடைத்துப் பயனில்லை. கறையின் எல்லைக்கு அப்பால் ஓர் அடி சேர்த்து வெட்டி எடுங்கள். பூசணம் ஊறிய மெத்தை, தலையணைக்கும் மன்னிப்புக் கிடையாது.

என்ன வகைப் பூஞ்சை என்று ஆய்வகத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண்செலவு. எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. கறுப்பாக இருப்பதெல்லாம் பலரும் அஞ்சும் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சை என்று பயப்படவும் வேண்டாம், அதற்குச் சொதசொதவென்று நனைந்த காகிதமோ மரமோ வேண்டும். சுவர்க்கோழி சொல்லும் மூலையில் கிளாடோஸ்போரியம் இருக்க வாய்ப்பு அதிகம்.

#15 மஞ்சணத்தி

ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் போதாதா? காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹ்யூமிடிஃபையர் இயந்திரம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

#16 ஈரமானி

கால்சியம் குளோரைடு டப்பா சில நாளில் சில நூறு கிராம் இழுக்கும். மூடிய அலமாரிக்குச் சரி. ஓர் இரவில் 640 கிராம் வரும் அறைக்கு எந்த மூலைக்கும் காணாது.

டீஹ்யூமிடிஃபையர் வாங்கினால் அட்டையில் போட்ட லிட்டரை நம்பாதீர்கள். நாளுக்கு 20 லிட்டர் என்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. 20 டிகிரி 60 சதவீதத்தில் பாதிகூட வராது. 15 டிகிரிக்குக் கீழே கம்ப்ரசர் வகையில் காயில் உறைபனி பிடித்து அடிக்கடி நின்று உருகவைக்கும், அங்கே ஈரம் உறிஞ்சும் பொருளால் வேலை செய்யும் டெசிகன்ட் வகை மேல். ஓடும்போது ஜன்னலை மூடுங்கள், இல்லாவிட்டால் ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் காயவைப்பீர்கள்.

#17 சுவர்க்கோழி

இரவு ஜன்னல் சந்து, பீரோ இடமாற்றம், துணி காயப்போடுவதை நிறுத்துவது, இவற்றிலிருந்து தொடங்குகிறேன். பெயிண்ட் எப்போது அடிக்கலாம்? இந்த மலிவு ஈரமானி சொல்லும் 68-ஐ எவ்வளவு நம்பலாம்?

#18 ஈரமானி

ஈரமானியை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரமணல் பதம்தான் வேண்டும், கரைந்துவிடக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் காற்றுப்புகாத ஜிப் பையில் வைத்து எட்டு மணி நேரம் வெப்பநிலை மாறாத இடத்தில் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். கருவி 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். சுவரைத் தொடாமல் வெப்பநிலை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான பரப்பில் நேராகப் பிடிக்க வேண்டாம். கண்ணாடியிலும் உலோகத்திலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பை அளங்கள்.

#19 காரைக்கட்டு

பெயிண்டுக்கு: குளிர் தொடரும் நாள்களிலேயே மூலையின் மேற்பரப்பு ஈரப்பதம் மூன்று நான்கு வாரம் 75-க்குக் கீழே நிற்க வேண்டும். கோடை வந்து தானாகக் காய்ந்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய பெயிண்ட் உரிந்தால் சுரண்டி, புட்டி உப்பியிருந்தால் அதையும் எடுத்து, காரை வரை போங்கள். பூஞ்சைக்கொல்லி கலந்த பெயிண்ட் சில காலம் தாக்குப்பிடிக்கும், மருந்து தீர்ந்ததும் சாதாரணப் பெயிண்ட்தான். நீராவி கடக்கவிடும் சுண்ணாம்போ சிலிகேட் பெயிண்டோ அந்த மூலைக்கு நல்லது. அவற்றின் காரத்தன்மை முதலில் பூசணத்தை அண்டவிடாது, நாளடைவில் காற்றின் கரியமில வாயுவால் அது குறையும். சிலிகேட் பெயிண்ட் பழைய எமல்ஷன் மேல் பிடிக்காது, எமல்ஷனை முழுக்க எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.